கழிவில் விளைந்த கல்வி: தோல் வணிகர் ஜமால் முகமது சாகிப் அவர்கள்

திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் படித்தவர்கள் நம் உறுப்பினர் குடும்பங்களில் பலர் உண்டு. வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தவர்கள் தேக்காவிலோ டன்லப் ஸ்திரீட் அப்துல் கபூர் பள்ளிவாசலிலோ சந்தித்துக்கொண்டால், ஜமாலில் எந்த வருடம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். ஜமால் என்பது நமக்கு ஒரு கல்லூரியின் பெயராகவே ஆகிவிட்டது. அந்தப் பெயருக்குரிய மனிதர் யார், அவர் என்ன தொழில் செய்தார், கல்விக்குக் கொடுத்த பணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரிவதில்லை.

அவர் தோல் வியாபாரி. மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் வாங்கி, பதனிட்டு, கப்பலேற்றியவர். தோல் பதனிடும் இடத்தை நெருங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். பழைய அட்டையும் பழைய இரும்பும் வாங்கி விற்கும் குடும்பத்தில் பிறந்த எங்களுக்கு, அவருடைய வாழ்க்கையைப் படித்தபோது எங்கள் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டதுபோல் இருந்தது. பொன்விழா மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது அவரை எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

எறிவதை எடுக்கும் தொழில்

மாடு செத்தாலும் அறுக்கப்பட்டாலும் தோல் மிஞ்சும். அப்படியே போட்டுவைத்தால் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே அழுகிவிடும். உடனே உப்புப் போட்டோ, விறைப்பாக இழுத்துக் கட்டிக் காயவைத்தோ காப்பாற்றினால்தான் அது சரக்கு. சென்னை மாகாணத்துக் கிராமங்களில் செத்த மாட்டைத் தூக்கிச் சென்று தோலுரித்தவர்கள், சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மக்கள். அவர்கள் கை பட்டதைத் தொடமாட்டோம் என்றவர்களும் அந்தத் தோலில் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நடந்தார்கள். இந்த உண்மையைச் சொல்லாமல் தோல் வணிகத்தின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

கிராமத்துத் தோலைச் சிறு வியாபாரிகள் சந்தைகளில் வாங்கினார்கள். அது வண்டியிலும் ரயிலிலும் ஏறி ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி, பல்லாவரம் போன்ற இடங்களின் தோல் ஷாப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது. வியாபாரப் பேச்சும் பணப் புழக்கமும் சென்னைப் பெரியமேட்டில் நடந்தன. மற்ற வணிகச் சாதியார் பலர் தீட்டு என்று விலகி நின்ற தொழில் இது. முஸ்லிம்களுக்கு மார்க்கத்தில் அப்படி ஒரு தடையில்லை.

தடையில்லை என்பது மட்டுமா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை செத்துக் கிடந்த ஓர் ஆட்டைக் கடந்து போனபோது, அதன் தோலை எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டதாக நபிமொழி நூல்கள் கூறுகின்றன. அது தானாகச் செத்ததாயிற்றே என்று உடனிருந்தவர்கள் தயங்கியபோது, அதை உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று விளக்கினார்கள். பதனிட்டால் தோல் தூய்மையாகிவிடும் என்பது நம் ஷாஃபி மத்ஹபின் சட்டமும்கூட; நாய், பன்றியின் தோல்களுக்கு மட்டும் இது பொருந்தாது. வீணாகப் போவதைத் தூய்மையாக்கிப் பயனுள்ளதாக மாற்றலாம் என்ற வழிகாட்டல் நம்மிடம் 1,400 ஆண்டுகளாக இருக்கிறது. மறுசுழற்சி என்ற சொல்தான் பின்னால் வந்தது.

அக்காலத்துப் பதனிடும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். காய்ந்த தோலை முதலில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிரைத் தளர்த்திச் சுரண்டுவார்கள். உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் வழிப்பார்கள். அடுத்து ஆவாரம் பட்டை ஊறிய நீரில் பல நாட்கள் கிடக்கும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும் என்பதால், பின்னர் கடுக்காய் நீரிலும் போட்டு எடுப்பார்கள். கடைசியில் எண்ணெய் தடவி உலர்த்துவார்கள். வழித்தெடுத்த சதை பசை காய்ச்சுவதற்குப் போகும். மயிருக்கும் வாங்குபவர் உண்டு. தமிழ்நாட்டு மானாவாரி நிலத்தில் தானாக முளைக்கும் ஆவாரஞ் செடியும் காட்டில் விளையும் கடுக்காயும் சேர்ந்துதான் எறியப்பட்ட தோலை லண்டன் சந்தைக்குரிய சரக்காக ஆக்கின.

தந்தையும் மகனும்

ஜமால் முகமது சாகிப் அவர்களின் தந்தை ஜமால் முகைதீன் ராவுத்தர் அவர்களும் தோல் வணிகரே. சென்னையில் பெரும் நிறுவனமாகத் தொழிலை வளர்த்தவர். அவருடைய பெயரைச் சொல்வது சென்னைப் பெரம்பூரில் உள்ள ஜமாலியா அரபுக் கல்லூரி. மார்க்கக் கல்வி பயிலும் மாணவர்களுக்காக அவர் நிறுவியது அது. தொழிலில் வந்ததில் ஒரு பங்கு கல்விக்குப் போகவேண்டும் என்ற பழக்கம் அந்தக் குடும்பத்தில் தந்தை காலத்திலேயே ஏற்பட்டுவிட்டது.

குடும்பத் தொழிலில் பிறந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தந்தை தரும் சொத்தில் கடையும் கிடங்கும் கடனும் இருக்கும். எதை எங்கே வாங்குவது, யாரை நம்புவது, லாபத்தை எதற்குச் செலவழிப்பது என்ற பழக்கமும் அதோடு சேர்ந்து வரும். மகன் சில சமயம் கடையை மட்டும் எடுத்துக்கொண்டு பழக்கத்தை விட்டுவிடுவான். ஜமால் முகமது சாகிப் அவர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

லண்டன் ஏலம்

சென்னையிலிருந்து போன பதனிட்ட சிறு மாட்டுத் தோல்களுக்கு ஈஸ்ட் இந்தியா கிப்ஸ் என்று பெயர். லண்டனில் அவற்றை ஏலத்தில் விற்றார்கள். ஒவ்வொரு தோல் ஷாப்பின் சரக்குக்கும் தனி முத்திரை உண்டு. வாங்குபவர்கள் முத்திரையைப் பார்த்தே விலை கேட்டார்கள். ஒரு கட்டில் கத்தி பட்ட தோலையோ சரியாகப் பதப்படாத தோலையோ உள்ளே மறைத்து அனுப்பினால், அடுத்த கப்பலில் போகும் நல்ல சரக்குக்கும் விலை விழும். பல்லாயிரம் மைல் தொலைவில் முகம் தெரியாத ஒருவர் வைக்கும் நம்பிக்கைதான் வியாபாரத்தின் முதல்.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. படைவீரர்களின் பூட்ஸுகளுக்குத் தோல் தேவைப்பட்டது. பூட்ஸின் மேற்பகுதிக்குச் சென்னைக் கிப்ஸ் தோல் பொருத்தமாக இருந்ததால், போரின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் அரசு இந்தச் சரக்கைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து மொத்தமாக வாங்கியது. கிராமத்தில் எறியப்பட்ட தோல் ஐரோப்பியப் போர்க்களத்தின் சேற்றில் நடந்தது. போர் முடிந்தபின் 1919-ல் இந்திய அரசு, பதனிடாத தோலை ஏற்றுமதி செய்வதற்கு 15 சதவீத வரி விதித்தது. 1923-ல் அது 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பச்சைத் தோலாகவே வெளிநாட்டுக்கு அனுப்புவதா, இங்கேயே பதனிட்டு வேலையையும் லாபத்தையும் நம் மக்களுக்குத் தருவதா என்ற பெரிய கேள்வி அந்த வரிக்குப் பின்னால் இருந்தது. கழிவைக் கழிவாகவே விற்பவன் கூலியோடு நிற்கிறான், அதைப் பொருளாக்கி விற்பவனே தொழிலதிபர் ஆகிறான் என்பதை அன்றைய தோல் வணிகர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

நாட்டின் வணிகர்களுக்குத் தலைவர்

இந்திய வணிகர்கள் ஒன்றுகூடி 1927-ல் அகில இந்திய வர்த்தக, தொழில் சபைகளின் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். இன்று ஃபிக்கி என்று அழைக்கப்படுவது அதுதான். அதன் முதல் தலைவர்களின் வரிசையில் சர் புருஷோத்தம்தாஸ் தாக்குர்தாஸ், ஜி. டி. பிர்லா, லாலா ஸ்ரீராம் ஆகியோருக்கு அடுத்து வருபவர் சென்னை ஜமால் முகமது சாகிப் அவர்கள். 1931-32-ல் அந்தப் பொறுப்பில் இருந்தார்கள். பருத்தியும் சணலும் சர்க்கரையும் ஆண்ட காலத்தில், பம்பாய், கல்கத்தா, டில்லிப் பெருமுதலாளிகள் இருந்த சபையில், ஒரு தமிழ் முஸ்லிம் தோல் வணிகர் தலைமை நாற்காலியில் அமர்ந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

அதே 1931-ல் லண்டனில் இரண்டாம் வட்டமேசை மாநாடு கூடியது. காந்தியடிகள் கலந்துகொண்ட மாநாடு அது. ஜமால் முகமது சாகிப் அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். திருச்சிப் பகுதியின் பெருவணிகரான காஜாமியான் ராவுத்தர் அவர்களும் அங்கே சென்றிருந்தார்கள். பின்னாளில் ஒரே கல்லூரியின் இரு நிறுவனர்களாக நினைக்கப்படும் இருவரும், இந்தியாவின் எதிர்காலம் பேசப்பட்ட அந்த மாநாட்டிலும் உடனிருந்தார்கள். தங்கள் சரக்கு ஏலத்துக்குப் போகும் நகரத்துக்கு அவர்கள் இம்முறை தங்கள் மக்களின் உரிமையைப் பேசச் சென்றார்கள்.

சென்னைச் சொற்பொழிவுகள்

ஜமால் முகமது சாகிப் அவர்கள் செய்த காரியங்களில் எங்களுக்கு மிகவும் வியப்பைத் தருவது இதுதான். ஆங்கிலக் கல்வி கற்கும் முஸ்லிம் இளைஞர்களுக்கு மார்க்கத்தைப் பற்றி ஆழமாக எடுத்துச் சொல்ல ஆளில்லை என்ற கவலை அவருக்கு இருந்தது. கல்லூரிக்குப் போகும் பையன் பள்ளிவாசலை விட்டு விலகுகிறான், பள்ளிவாசலில் இருப்பவரோ கல்லூரியைச் சந்தேகிக்கிறார். இந்த இடைவெளியை அடைக்க, இஸ்லாத்தைப் பற்றிய தொடர் சொற்பொழிவுகளுக்குச் சென்னையில் ஏற்பாடு செய்து அதற்கான செலவையும் ஏற்றுக்கொண்டார்கள்.

1925-ல் மௌலானா சையிது சுலைமான் நத்வி அவர்கள் வந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையைப் பற்றி எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார்கள். குத்பாத்தே மத்ராஸ் என்ற பெயரில் நூலாகி, இன்றும் பல மொழிகளில் படிக்கப்படுகிறது. அடுத்து முஹம்மது மர்மடியூக் பிக்தால் அவர்கள் இஸ்லாமியப் பண்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். அவை 1927-ல் நூலாயின. இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேயரான இவர்தான் பின்னர் 1930-ல் திருக்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டவர். 1929 ஜனவரியில் லாகூரிலிருந்து அல்லாமா இக்பால் அவர்கள் வந்து மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார்கள். இஸ்லாமியச் சிந்தனையின் மறுசீரமைப்பைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல், அந்தச் சென்னைப் பேச்சுகளோடு மேலும் சில சேர்ந்து 1930-ல் வெளிவந்தது. உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் இன்றும் விவாதிக்கப்படும் நூல் அது.

சென்னைக்கு வந்த இக்பால் அவர்கள், இவ்வளவு பெரிய செல்வர் இவ்வளவு எளிமையாக உடுத்தி வாழ்வதையும், அதே மனிதர் மார்க்கத்தையும் அறிவியலையும் இணைத்துத் தெளிவாகப் பேசுவதையும் கண்டு வியந்தார்கள். அந்த மேடைக்கான செலவு சுண்ணாம்புக் குழியிலிருந்தும் ஆவாரம் பட்டைத் தொட்டியிலிருந்தும் வந்தது. நாற்றம் பிடித்த தொழில் என்று ஒதுங்கியவர்கள் அந்தப் புத்தகங்களை முகர்ந்து பார்க்கட்டும்.

வணிகம் தளர்ந்தது, பெயர் நின்றது

1929-ன் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி உலகம் முழுவதும் பரவியது. பண்டங்களின் விலை சரிந்தது. தோலும் தப்பவில்லை. அவர் கூட்டமைப்பின் தலைவராக இருந்ததும் லண்டன் மாநாட்டுக்குச் சென்றதும் அந்த மந்தத்தின் நடுவில்தான். விலை இறங்கிய காலத்தில் கிடங்கில் சரக்கு வைத்திருப்பவனின் இரவு எப்படி இருக்கும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும்.

அவரது பெயரை இன்று மக்கள் சொல்வது தோலால் அல்ல. 1951-ல் திருச்சியில் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. காஜாமியான் ராவுத்தர் அவர்களும் அதன் நிறுவனராகப் போற்றப்படுகிறார்கள். முஸ்லிம் சமுதாயம் நடத்தும் அந்தக் கல்லூரியில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தோலுரித்த மக்களின் பேரப்பிள்ளைகளும் அங்கே பட்டம் பெற முடிகிறது. சென்னைக் கிப்ஸின் முத்திரைகள் மறைந்து பல காலம் ஆயிற்று. இந்த முத்திரை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் பட்டச் சான்றிதழ்களோடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

தொழிலின் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. எறிவதைப் பயனாக்கிய தோல் தொழில், பின்னாளில் தானே பெரும் கழிவை உண்டாக்கியது. குரோமியம் கலந்த பதனிடும் முறை பரவியபின், தோல் ஷாப்புகளின் கழிவுநீர் பாலாற்றையும் வேலூர்ப் பகுதி நிலங்களையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996-ல் இந்திய உச்ச நீதிமன்றம், மாசு உண்டாக்கியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்ற அடிப்படையில் தீர்ப்பளித்தது. ஒரு கழிவைப் பணமாக்கிவிட்டு இன்னொரு கழிவை அயலார் வாசலில் கொட்டினால் அது நேர்மையான வியாபாரம் ஆகாது. எங்களைப் போன்ற தொழில் செய்பவர்களுக்கு இது பெரிய பாடம்.

நம் சிங்கப்பூரில்

கராங் கூனி என்று நாம் கேட்டு வளர்ந்த மலாய்ச் சொல்லில் உள்ள கூனி, நம் கோணிதான். எங்கள் பாட்டனார் ஒரு கோணிச் சாக்கோடு சிராங்கூன் ரோட்டு அஞ்சடிகளில் தொழில் தொடங்கினார். மளிகைக் கடைகளில் காலியான எண்ணெய் டின், வெங்காயச் சாக்கு, அட்டைப் பெட்டி எல்லாம் அவருக்குச் சரக்கு. அத்தா காலத்தில் லாரி வந்தது. இப்போது அண்ணன் தம்பி நாங்கள் அட்டையை இயந்திரத்தில் அழுத்திக் கட்டி அனுப்புகிறோம்.

நாங்கள் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் அத்தாவின் தொழில் என்ற இடத்தில் வணிகம் என்று மட்டும் எழுதினோம். என்ன வணிகம் என்று எழுதவில்லை. அத்தா அதைப் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். மறுநாள் விடியற்காலை வழக்கம்போல் லாரியை எடுத்துக்கொண்டு போனார். அந்த அட்டைப் பணத்தில்தான் எங்களுக்குக் கட்டணம் கட்டினார். ஜமால் முகமது சாகிப் அவர்களைப் பற்றி அப்போதே படித்திருந்தால் அந்த இடத்தில் முழுதாக எழுதியிருப்போம்.

இன்று எங்கள் தொழில் சோதனையில் இருக்கிறது. 2017 ஜூலையில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை மூடப்பட்டது. 2018-ல் சீனா வெளிநாட்டுக் கழிவுத் தாளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் கதவை இறுக்கியபோது, கலப்படமான கட்டுகளை வாங்க ஆளில்லாமல் போனது. சுத்தமாகப் பிரித்த அட்டைக்கு மட்டும் மதிப்பு நின்றது. லண்டன் ஏலத்து முத்திரையின் கதைதான் இது. வீவக புளோக்குகளின் நீலநிறத் தொட்டிகளில் போடப்படுவதில் சுமார் 40 சதவீதம் மறுசுழற்சிக்கு உதவாமல் போகிறது. சாப்பாட்டு மிச்சம் சிந்திய ஒரு பொட்டலம் ஒரு கட்டு அட்டையைக் கெடுத்துவிடும். 1999-ல் திறக்கப்பட்ட செமக்காவ் தீவுதான் நாட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே குப்பை நிரப்பிடம். அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குப்பையை எடுத்துப் பிரிக்கும் கை இந்த நாட்டுக்கு இன்னும் பல காலம் தேவை. அந்தக் கை சிறு குடும்பங்களின் கையாக இருக்குமா, பெரிய நிறுவனங்களின் கையாக மட்டும் இருக்குமா என்பதுதான் எங்கள் முன்னால் உள்ள கேள்வி.

எங்கள் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவார்களா என்று எங்களுக்குத் தெரியாது. வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் மாட்டோம். ஜமால் முகமது சாகிப் அவர்களின் வாழ்க்கையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது இதுதான்: தொழில் ஒரு தலைமுறையில் ஏறும், இன்னொரு தலைமுறையில் இறங்கும். அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடம்தான் கடைசியில் நிற்கும். ஐம்பது ஆண்டுகளாக நம் சங்கம் நடத்திவரும் கல்வி உதவி நிதிக்கு மளிகைக் கடைக்காரரும் பணமாற்று வணிகரும் சாப்பாட்டுக் கடைக்காரரும் கொடுத்திருக்கிறார்கள். பழைய அட்டைக்காரர்களும் கொடுத்திருக்கிறோம். அந்தப் பணத்தில் படித்த பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அத்தாவின் தொழில் என்னவென்று யாராவது கேட்டால் முழுதாகச் சொல்லுங்கள்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதையும் தர்மம் என்று நமக்குக் கற்றுத்தந்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அல்லாஹ் ஜமால் முகமது சாகிப் அவர்களின் தர்மங்களை ஏற்றுக்கொண்டு, அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்கி வைப்பானாக. நம் சங்கம் நூறாண்டு விழாக் காணும்போது, இன்று உதவி பெறும் ஒரு பிள்ளை அந்த மலரில் எழுதும் வாய்ப்பையும் தருவானாக. ஆமீன்.